டேப் புதுசு, கேம் ஏன் ஓடவில்லை? பிராசஸர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ‘செயலி’ என்றால் பிராசஸரும் அதுதான், ஆப்பும் அதுதான். இந்தப் பக்கத்தில் இரண்டும் மாறி மாறி வரும் என்பதால் உள்ளே இருக்கும் சிப்பைப் பிராசஸர் என்றும், அதன்மேல் ஓடுவதை கேம் அல்லது ஆப் என்றும் எழுதியிருக்கிறேன். டேப் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் தலையைச் சொறிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

புது டேப். பிளே ஸ்டோரில் கேமைத் தேடினால் ‘உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது’ என்கிறது. டேப் மோசமா?

மோசமாக இருக்கலாம். ஆனால் அந்த வரி அதைச் சொல்லவில்லை. கேமைப் பிளே ஸ்டோரில் ஏற்றும்போதே அதை உருவாக்கியவர்கள் சில நிபந்தனைகளை எழுதிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு குறைந்தது இந்தப் பதிப்பாக இருக்க வேண்டும், கிராஃபிக்ஸ் இந்த ரகம், இத்தனை ஜிபி ரேம், ஜிபிஎஸ் வேண்டும், கைரோஸ்கோப் (டேபைச் சாய்ப்பதை உணரும் சென்சார்) வேண்டும் என்று பட்டியல் போகும். கேமின் நிரல் எந்த வகைப் பிராசஸருக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதையும் ஸ்டோர் பார்க்கும். போதாக்குறைக்கு, குறிப்பிட்ட மாடல்களைப் பெயர் சொல்லியே விலக்கவும் உருவாக்கியவர்களுக்கு வசதி உண்டு.

இவற்றில் எது இடித்தாலும் வருவது அந்த ஒரே வாசகம்தான். எது இடித்தது என்று சொல்லாது. ஆகவே நாமேதான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். பிராசஸரோடு சம்பந்தமே இல்லாத காரணமும் நிறைய உண்டு. போகிமான் கோ போன்ற கேமுக்கு ஜிபிஎஸ் இல்லாத வைஃபை டேபைக் கொடுத்தால், உள்ளே எவ்வளவு பெரிய சிப் இருந்தும் பயனில்லை.

பெட்டியில் ‘எட்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

அந்த இரண்டு எண்களையும் மறந்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, கிகாஹெர்ட்ஸ் அது ஓடும் வேகம். எட்டு கோர் என்றால் எந்த எட்டு?

மீடியாடெக் ஹீலியோ பி22டி என்ற சிப்பில் எட்டு கோர்களும் கோர்டெக்ஸ்-ஏ53 என்ற ரகம். வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ் வரை. யூனிசாக் டி606-லும் எட்டு கோர்தான், வேகம் 1.6 மட்டுமே. ஆனால் அதில் இரண்டு கோர்கள் கோர்டெக்ஸ்-ஏ75. பேப்பரில் பார்த்தால் முதலாவதுதான் வேகம். கேமைத் திறந்தால் இரண்டாவதுதான் முந்தும்.

காரணம் வேலை நடக்கும் விதம். ஏ53 என்பது 2012-இல் அறிவிக்கப்பட்ட, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கான கோர். வந்த வரிசையிலேயே வேலையைச் செய்யும். புரோட்டாக் கடையில் முன்னால் நிற்பவர் சால்னா வரட்டும் என்று காத்திருந்தால், பின்னால் வெறும் புரோட்டா கேட்டவரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஏ75 அப்படியில்லை. முன்னவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னவரைக் கவனித்து அனுப்பிவிடும். பெரும்பாலான கேம்களில் பாரம் எல்லாம் ஒன்றிரண்டு கோர்கள் மேல்தான் விழுகிறது. மீதி ஆறும் சும்மா இருக்கும். எனவே எத்தனை கோர் என்பதைவிட, இருப்பதில் பெரிய கோர் உண்டா என்பதுதான் கேள்வி.

சரி, கிராஃபிக்ஸ் பக்கம் எதைப் பார்க்க வேண்டும்?

கேமுக்கு அதுதான் உயிர். ஆண்ட்ராய்டு டேப்களில், திரையில் படம் வரையும் இந்தக் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும். ஸ்னாப்டிராகன் சிப் என்றால் அட்ரினோ. மீடியாடெக், யூனிசாக், சாம்சங் எக்ஸினோஸ் சிப்களில் பெரும்பாலும் மாலி. விலை குறைந்த மீடியாடெக் சிலவற்றில் பவர்விஆர்.

மாலியில் ஒரு வில்லங்கம் உண்டு. யூனிசாக் டி606-இல் இருப்பது மாலி-ஜி57. ஹீலியோ ஜி99-இல் இருப்பதும் மாலி-ஜி57. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்வார்கள். ஆனால் முதலாவதில் கிராஃபிக்ஸ் கோர் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. அதோடு ஓடும் வேகமும் அதிகம். பெயருக்குப் பின்னால் வரும் எம்பி1, எம்சி2 என்ற வால்தான் இதைச் சொல்கிறது. விளம்பரத்தில் அந்த வாலைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

இது நான் மட்டும் பிடிக்கும் அடம் இல்லை. ஃபோர்ட்நைட் 2018-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது அவர்கள் கேட்டது அட்ரினோ 530 அல்லது அதற்கு மேல், மாலி-ஜி71 எம்பி20, மாலி-ஜி72 எம்பி12 அல்லது அதற்கு மேல். கவனியுங்கள், மாலிக்கு மட்டும் கோர் எண்ணிக்கையைச் சேர்த்தே சொன்னார்கள். அதே ஜி72-ஐ மூன்று கோரோடு வைத்திருந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பவர்விஆருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

ஸ்னாப்டிராகன் என்றாலே கேமுக்கு நல்லது என்கிறார்களே?

மேல்வரிசை ஸ்னாப்டிராகனுக்கு அது உண்மை. அடித்தட்டில் இல்லை. நல்ல உதாரணம் ஒரே நிறுவனத்திலேயே இருக்கிறது. 2022-இல் வந்த ரெட்மி பேடில் ஹீலியோ ஜி99. அடுத்த ஆண்டு வந்த ரெட்மி பேட் எஸ்இ-யில் ஸ்னாப்டிராகன் 680. பின்னால் வந்ததாயிற்றே, அதுவும் ஸ்னாப்டிராகன் ஆயிற்றே என்று வாங்கினால் கேமில் கிடைப்பது குறைவுதான். 680-இல் இருக்கும் அட்ரினோ 610, ஜி99-இன் கிராஃபிக்ஸைவிட நன்றாகவே பின்தங்கியது. படம் பார்க்க, பாடம் படிக்க எஸ்இ-யில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. கேமுக்கு என்று கேட்டால் பழையதைத்தான் கைகாட்டுவேன்.

ஒரே பிராசஸர் உள்ள இரண்டு டேபில் ஒரே கேம் வேறு மாதிரி ஓடுகிறது. எப்படி?

திரையைப் பாருங்கள். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9-லும் ஹீலியோ ஜி99-தான். அதன் திரை 1340×800, அதாவது சுமார் 10.7 லட்சம் பிக்சல். ரெட்மி பேடின் திரை 2000×1200, சரியாக 24 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் (அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப் படத்திலும்) இரண்டு மடங்குக்கு மேல் பிக்சல்களை அதே கிராஃபிக்ஸ் சிப் வரைய வேண்டும். திரையின் முழு அளவிலேயே வரையும் கேம்களில் சின்னத் திரை ஜெயிக்கும். பல பெரிய கேம்கள் உள்ளுக்குள் குறைந்த அளவில் வரைந்து, பிறகு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். அங்கே வித்தியாசம் குறைவு. கூர்மையான திரை என்று விளம்பரம் செய்யும் மலிவு டேபில் கேம் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

64-பிட் பிராசஸர்தான் இருக்கிறது. ஆனாலும் 64-பிட் கேம் இறங்கவில்லை. ஏன்?

என்னிடம் வந்ததிலேயே ஆளை அதிகம் குழப்பியது இந்தக் கேள்விதான். 32-பிட், 64-பிட் என்பது ஒரே வீச்சில் கையாளும் தகவலின் அளவு. பிராசஸர் 64-பிட்டாக இருந்து, அதன்மேல் போட்ட ஆண்ட்ராய்டு 32-பிட்டாக இருக்க முடியும். 2 ஜிபி ரேம் உள்ள மலிவு டேப்களில் இது சகஜம். 64-பிட் ஆண்ட்ராய்டு கொஞ்சம் கூடுதல் ரேமைத் தின்னும் என்பதால் தயாரிப்பாளர்களே 32-ஐப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியில் மட்டும் ‘64-பிட் பிராசஸர்’ என்று இருக்கும். பொய் என்று வழக்குப் போடவும் முடியாது.

கென்ஷின் இம்பாக்ட் போன்ற கேம்கள் ஆர்ம் வி8ஏ (டேப்களில் வழக்கமாக இருக்கும் ஆர்ம் வகைப் பிராசஸரின் ஒரு ரகம்) 64-பிட் சாதனத்தைத்தான் கேட்கின்றன. 32-பிட் நிரல் அவற்றில் கிடையாது. எனவே அந்த டேபில் இறங்கவே இறங்காது.

கண்டுபிடிப்பது சுலபம். சிபியு-இசட் என்ற இலவச ஆப்பைப் போட்டு, சிஸ்டம் பக்கத்தில் கர்னல் ஆர்க்கிடெக்சர் வரியைப் பாருங்கள். ‘ஏஆர்ச்64’ என்று இருந்தால் நல்லது. ‘ஆர்ம்வி7எல்’ அல்லது ‘ஆர்ம்வி8எல்’ என்று இருந்தால் 32-பிட் ஆண்ட்ராய்டு. பின்னதில் எட்டு இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம், அதுவும் 32-தான். செட்டிங்ஸில் தட்டி இதை மாற்றும் வழி கிடையாது.

எனக்கு நேர் எதிர். பழைய கேம் ஒன்று புது டேபில் காணவில்லை.

அதுவும் இதே கதையின் மறுபாதி. 2019 ஆகஸ்ட் முதல், பிளே ஸ்டோருக்கு வரும் புது ஆப்களிலும் அப்டேட்களிலும் 64-பிட் நிரல் கட்டாயம் என்று கூகுள் விதித்தது. 2021 ஆகஸ்டிலிருந்து, 32-பிட் மட்டுமே உள்ள ஆப்களை 64-பிட் சாதனங்களுக்குக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. உருவாக்கியவர்கள் கைவிட்டுப் போன நல்ல கேம்கள் பல இப்படித்தான் மறைந்தன.

ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக (ஆப்பை நிறுவும் கோப்பு) எடுத்துப் போடலாமே என்றால், சிப்பைப் பொறுத்தது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2-இல் 32-பிட் நிரலை ஓட்டும் கோர்கள் உண்டு. 8 ஜென் 3-இல் அறவே இல்லை. ஒன்பிளஸ் பேட் 2-இல் இருப்பது அந்த 8 ஜென் 3. கேலக்ஸி டேப் எஸ்10 பிளஸில் உள்ள டைமென்சிட்டி 9300 பிளஸும் அதே ஜாதி. ஆக, நிறையப் பணம் கொடுத்து வாங்கிய டேபில் ஓடாத கேம், அலமாரியில் கிடக்கும் பத்து வருடப் பழசில் ஜம்மென்று ஓடும். இதற்கும் மேல், ஆண்ட்ராய்டு 14 முதல் மிகப் பழைய ஆண்ட்ராய்டைக் குறிவைத்து எழுதிய ஆப்களை நிறுவவே விடுவதில்லை; 6.0-க்கு முந்தையவை என்றால் மறுத்துவிடும்.

முன்பெல்லாம் ‘டெக்ரா கேம்’, ‘மாலி டேட்டா’ என்று தனித்தனியாக இருந்ததே, இப்போது அது உண்டா?

கேட்டவருக்கு வயது முப்பதாவது இருக்கும் என்று நினைக்கிறேன்! இப்போது இல்லை. ஆனால் கதை சொல்லத் தகுந்தது.

2011-இல் மோட்டரோலா ஸூம் டேப் என்விடியாவின் டெக்ரா 2 சிப்போடு வந்தது. அந்த ஆண்டே டெக்ராவுக்கென்று தனிக் கேம்கள் வர ஆரம்பித்தன. பெயருக்குப் பின்னால் ‘டிஎச்டி’ என்று போட்டிருக்கும். 2012-இன் நெக்ஸஸ் 7-இல் டெக்ரா 3. அதில் காசு கொடுத்து டிஎச்டி கேம் வாங்கியவர்கள் 2013-இல் புது நெக்ஸஸ் 7-க்கு மாறினார்கள். அதில் இருந்ததோ ஸ்னாப்டிராகன். வாங்கிய கேமுக்குப் புது டேபில் இடமில்லை.

கேம்களுக்குள் இருக்கும் படங்களைச் சுருக்கி வைக்கும் முறை கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சிப் வேறாக இருந்ததுதான் அடிப்படைச் சிக்கல். பவர்விஆருக்குப் பிவிஆர்டிசி, அட்ரினோவுக்கு ஏடிஐடிசி, டெக்ராவுக்கு டிஎக்ஸ்டி. எல்லாரிடமும் ஓடக்கூடிய ஈடிசி1-இல் ஒளி ஊடுருவும் படங்களை நேரடியாக வைக்க முடியாது. அதனால் பெரிய கேம்களுக்கு ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி டேட்டா. தெரியாமல் அட்ரினோ டேட்டாவை மாலி சாதனத்தில் போட்டால் ஆட்கள் எல்லாம் கறுப்பு நிழலாகத் திரிவார்கள். செயின்ஃபயர்3டி என்று ஒரு கருவி, ‘நான்தான் டெக்ரா’ என்று கேமிடம் பொய் சொல்லி ஓட வைக்கும். இன்று ஏஎஸ்டிசி என்ற பொது முறையை ஏறக்குறைய எல்லாச் சிப்பும் ஏற்கும் என்பதால் அந்தத் தலைவலி போய்விட்டது.

இன்டெல் பிராசஸர் டேப் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதில் கேம் ஓடுமா?

ஓடும், ஓடாது, இரண்டும் சொல்லலாம். ஆசஸ், லெனோவோ, டெல் எல்லாரும் இன்டெல் ஆட்டம் சிப்போடு ஆண்ட்ராய்டு டேப் விட்டார்கள். கேம்கள் ஆர்ம் சிப்புக்கு எழுதப்பட்டவை. நடுவில் ஹூடினி என்ற மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, ஆர்ம் நிரலை இன்டெலுக்குப் புரியும்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும். எளிய கேம்களில் தெரியாது. கனமான கேம்களில் திக்கும். போகிமான் கோ 2016-இல் வந்தபோது இன்டெல் ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கு ஆதரவு இல்லை என்றே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் இன்டெலும் இந்தப் பிரிவிலிருந்து பின்வாங்கிவிட்டது. இனி அந்த டேப் சதுரங்கத்துக்கும் பாட்டுக்கும்தான்.

இன்டெலுக்காவது மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஐனால் நோவோ 7 என்ற மலிவு டேப், ஆர்மும் இன்டெலும் அல்லாத மிப்ஸ் வகைச் சிப்போடு வந்தது. அதில் பெரும்பாலான கேம்களுக்கு நாதியே இல்லை. நம் ஊர் ஆகாஷ் டேபையும் சேர்த்துக்கொள்ளலாம். 2011 அக்டோபரில் டெல்லியில் வெளியானபோது அதில் இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 256 எம்பி ரேமும். ஏழைப் பிள்ளைகளுக்கு டேப் என்ற ஆசை நல்லதுதான், பாவம், அந்தச் சிப்பால் விரல் தொட்டதற்கே பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டோர் மறுத்தால் ஏபிகே போட்டு நிறுவலாமா?

மறுத்த காரணம் எது என்பதைப் பொறுத்தது. உங்கள் மாடல் பட்டியலில் இல்லை என்பதற்காக மறுத்திருந்தால் ஏபிகே உள்ளே போகும், ஓடவும் கூடும். பிராசஸர் வகையோ ஆண்ட்ராய்டு பதிப்போ இடித்திருந்தால் ‘ஆப் நிறுவப்படவில்லை’ என்று முடிந்துவிடும். கண்ட தளத்திலிருந்து எடுத்த ஏபிகே-யில் வேறு எதைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த டேபில் வங்கி ஆப்போ யுபிஐ-யோ இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

கேம் ஓடுகிறது. ஆனால் நண்பன் டேபில் வரும் 90 ஃப்ரேம் எனக்கு வரவில்லை. இரண்டும் ஒரே சிப்.

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) மாதிரி கேம்கள் சிப்பை அளந்து பார்த்து அந்த வசதியைத் திறப்பதில்லை. எந்த மாடலுக்கு எது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த டேபுக்குச் சில மாதம் கழித்து ஒரு அப்டேட்டில் அது திறப்பது வழக்கம். திரை 60 ஹெர்ட்ஸ் மட்டுமே என்றால் 90 வந்தும் கண்ணுக்குத் தெரியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமின் கிராஃபிக்ஸ் அமைப்பை வெளியிலிருந்து மாற்றும் ஜிஎஃப்எக்ஸ் டூல் போட்டுப் பூட்டை உடைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வெளிக் கருவிகளுக்குக் கேமின் விதிகளில் அனுமதி இல்லை. கணக்கு முடக்கப்பட்டால் வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

திறந்ததும் கறுப்புத் திரை, அல்லது படம் கிழிந்து தெரிகிறது. சிப் பழுதா?

பெரும்பாலும் இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், சரியில்லாததன் அறிகுறி. கணினியில் டிரைவரை நாமே இறக்கிப் போடுவோம். டேபில் அது தயாரிப்பாளர் அனுப்பும் சிஸ்டம் அப்டேட்டோடுதான் பெரும்பாலும் வரும், மலிவு டேபுக்கு அப்டேட் என்பதே கானல் நீர். கேமின் செட்டிங்ஸில் வல்கன், ஓபன்ஜிஎல் (கேம் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசும் இரண்டு வழிகள்) என்று தேர்வு இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

ஐபேடில் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

குறைவு. ஒரே நிறுவனத்தின் சிப் என்பதால் கேம் எழுதுகிறவர்களுக்குச் சோதிக்க வேண்டிய ரகங்களே கொஞ்சம்தான். ஆனால் கோடு போட்டால் அது கடுமையான கோடு. 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, 32-பிட் கேம்களை ஒரே நாளில் கழற்றிவிட்டது. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2023 அக்டோபரில் ஐபேடுக்கு வந்தபோது எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப் கேட்டது. 2020-இன் விலையுயர்ந்த ஐபேட் புரோவில் இருந்தது ஏ12இசட், அதற்கு இடமில்லை. பெயரில் ‘புரோ’ இருப்பதைப் பார்க்காமல் சிப்பின் பெயரைப் பாருங்கள்.

பத்தாயிரத்துக்குள் ‘12 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 14’ டேப் கிடைக்கிறது. வாங்கலாமா?

என் அக்கா மகனுக்காக அப்படி ஒன்றை வாங்கிய அனுபவம் எனக்கே உண்டு. பெயர் தெரியாத கம்பெனி. செட்டிங்ஸில் பார்த்தால் சொன்னபடியே 12 ஜிபி, ஆண்ட்ராய்டு 14. கார் கேம் ஒன்றுகூட ஏறவில்லை. சிபியு-இசட் போட்டுக் கிராஃபிக்ஸ் வரியைப் பார்த்தேன். மாலி-400! ஓபன்ஜிஎல் இஎஸ் 2.0-க்கு மேல் தெரியாத ஆதிகாலத்துச் சிப். செட்டிங்ஸ் பக்கத்தில் எண்ணை மாற்றி எழுதியவர்கள் கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் பொய் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நல்ல கம்பெனிகளும் ‘4 ஜிபி + 4 ஜிபி’ என்று எழுதுவார்கள். பின்னால் வருவது சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய ரேம். கேமுக்கு அதை நம்பாதீர்கள், முதல் எண்தான் கணக்கு.

அப்புறம் எதைத்தான் வாங்குவது?

லூடோ, கேண்டி க்ரஷ், குழந்தைகளின் படம் வரையும் கேம் என்றால் டி606 ரகமே போதும். பிஜிஎம்ஐ, கால் ஆஃப் டியூட்டி மொபைல் நடுத்தர செட்டிங்கில் வேண்டுமானால் ஹீலியோ ஜி99 அல்லது ஸ்னாப்டிராகன் 695-லிருந்து தொடங்குங்கள். கென்ஷின் மாதிரி கனமானவற்றை முகம் சுளிக்காமல் ஆட ஸ்னாப்டிராகன் 870, டைமென்சிட்டி 9000 போன்றவை வேண்டும். ஷாவ்மி பேட் 6-இல் முன்னதும், முதல் ஒன்பிளஸ் பேடில் பின்னதும் இருக்கின்றன. புதுசு என்ற மோகம் இல்லாதவருக்கு, இரண்டு வருடம் பழகிய மேல்வரிசை டேப் அதே விலைக்கு வரும் புது மலிவு டேபைவிட மேல். பேட்டரியை மட்டும் சோதித்து வாங்குங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்குகிறது.

சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள். ஃப்ரேம் எண்ணிக்கையை 60-லிருந்து 40-க்கு இறக்கினால் சித்திரை வெயிலிலும் தாக்குப்பிடிக்கும்.